மலை ரயிலில் உதகைக்கு: டிக்கெட் எடுப்பது முதல் ஊரைச் சுற்றித் திரும்புவது வரை

உதகைக்கு ரயிலில் போக ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் விடுதி அறையைப் பதிவு செய்கிறார்கள். அடுத்து அலுவலகத்தில் விடுப்பு சொல்கிறார்கள். கடைசியில்தான் மலை ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குள் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை ஏறும் ரயில் வழக்கமாக நாளொன்றுக்கு ஒன்றே ஒன்று. கோடையில் சிறப்பு ரயில்கள் சேர்ந்தாலும் எல்லாமே சில சிறிய பெட்டிகள் கொண்ட குறுகிய வண்டிகள். ஆகவே மலை ரயிலில் இடம் கிடைக்கும் நாள்தான் உங்கள் பயண நாள். அறையும் விடுப்பும் அதற்குப் பின்னால் வரட்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்தப் பகுதிக்கு டிக்கெட்?

மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரை பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். ஆனால் அந்த 46 கிலோமீட்டரும் ஒரே மாதிரி இல்லை. கல்லாறு வரையிலான முதல் எட்டு கிலோமீட்டரில் பாக்குத் தோப்புகளை ஒட்டி வண்டி சமதளத்தில் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்குகிறது. என்ஜினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு குன்னூர் வரை ஏறும். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரம் இது. செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு. சாதாரண ரயில் சக்கரம் இந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு நிற்கும். குன்னூருக்கு மேலே பற்சக்கரத்துக்கு வேலை இல்லை. நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினைப் பூட்டுவார்கள். தேயிலைத் தோட்டங்கள், குடியிருப்புகள், பள்ளத்தாக்குகள் என்று அழகான பாதைதான். ஆனால் அதே காட்சியைப் பஸ் ஜன்னலிலும் பெருமளவு பார்த்துவிடலாம்.

ஆகவே என் கணக்கு இது: மலை ரயில் என்றால் கல்லாறு–குன்னூர். மற்றதெல்லாம் அதன் முன்னுரையும் பின்னுரையும். உதகை வரை டிக்கெட் கிடைக்கவில்லை, குன்னூர் வரை கிடைக்கிறது என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். குன்னூரிலிருந்து உதகைக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. பஸ்ஸில் குன்னூருக்குப் போய் அங்கிருந்து உதகை வரை மட்டும் ரயிலேறியவர்களும் ‘மலை ரயிலில் போனோம்’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அவர்கள் பார்க்காமல் விட்டது எது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் திறக்கப்பட்ட பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள் இருக்கின்றன. சுரங்கங்களை எண்ணும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். சலிப்பே வராது.

முன்பதிவு செய்யும் முறை

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலும் எந்த ரயில் நிலைய முன்பதிவு கவுன்ட்டரிலும் எடுக்கலாம். நிலையத்தின் அதிகாரபூர்வப் பெயர் உதகமண்டலம், குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி. குன்னூரின் குறியீடு மட்டும் விசித்திரமாக ஓ.என்.ஆர். என்று இருக்கும். தேடும்போது அது தெரிந்திருந்தால் நல்லது.

ரயில்வேயின் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் பொங்கல், தீபாவளி, காலாண்டு விடுமுறை நாள்களிலும் பதிவு திறக்கும் காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வார நாள்களில் இத்தனை நெருக்கடி இருக்காது.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என இரண்டு உண்டு. வித்தியாசம் மெத்தையிலும் நெருக்கத்திலும்தான், காட்சியில் இல்லை. ஏறும்போது என்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். இதனால் முன்கோடிப் பெட்டியில் இருப்பவருக்கு எதிரே தண்டவாளமும் மலையும் மட்டுமே தெரியும். கடைசிப் பெட்டிக்காரருக்கு என்ஜினின் மூச்சிரைப்பு காதருகே கேட்கும், கரித்துகளும் கொஞ்சம் வரும். நான் கடைசிப் பெட்டியின் கட்சி.

முன்பதிவில்லாத டிக்கெட்டுகளும் அன்று காலை மேட்டுப்பாளையம் கவுன்ட்டரில் சொற்ப எண்ணிக்கையில் கிடைக்கும். அதை நம்பிச் சென்னையிலிருந்து கிளம்ப வேண்டாம். கோவையில் உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் ஒரு வார நாளில் முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து வருபவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு ஒன்றும் மலை ரயிலுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டின் பி.என்.ஆர். எண்களையும் இணைப்புப் பயணமாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இரண்டிலும் பயணிகளின் பெயர்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணத்தைத் திரும்பக் கேட்க இது உதவும். பலரும் தொடாத வசதி. டிக்கெட் எடுத்த அன்றே செய்து வையுங்கள்.

மேட்டுப்பாளையம் வரை வந்து சேர்வது

மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குப் புறப்படும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணியளவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகக் காலை 6.15 மணியளவில் மேட்டுப்பாளையத்தில் விடும். மலை ரயிலுக்கு இணைப்பாகவே அமைந்த நேரம் அது. விடியற்காலையில் கோவை சந்திப்பில் வண்டி சற்று நேரம் நின்று, வந்த திசையிலேயே திரும்பி ஓடத் தொடங்கும். அரைத் தூக்கத்தில் பார்ப்பவர்கள் பதற வேண்டாம். மேட்டுப்பாளையம் பாதை கோவை வடக்கு நிலையத்தில் பிரிவதால் என்ஜினை மறுமுனையில் மாட்டித் திருப்புகிறார்கள்.

மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத்தான் கொஞ்சம் வேலை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பகலில் பலமுறை பயணிகள் ரயில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் அவை எதுவும் 7.10 வண்டியைப் பிடிக்க உதவாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. முந்தின நாள் மாலையே மேட்டுப்பாளையம் வந்து தங்கிவிடுவது முதல் வழி. ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே நடந்து போகும் தூரத்திலேயே எளிய விடுதிகள் கிடைக்கும். இரண்டாவது வழி, இரவு ரயிலில் விடியுமுன் கோவை வந்து, மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள புதிய பஸ் நிலையத்திலிருந்து முதல் பஸ்களில் ஏறுவது. கோவையில் எந்தப் பஸ் எந்த நிலையத்திலிருந்து கிளம்பும் என்பது வெளியூர்க்காரர்களைச் சுற்றவைக்கும் விஷயம். மதுரை, திருச்சி திசைக்குச் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி, பாலக்காட்டுக்கு உக்கடம். மேட்டுப்பாளையம், குன்னூர், உதகை, கோத்தகிரிக்கு மேட்டுப்பாளையம் சாலைப் பஸ் நிலையம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வருபவர் சிங்காநல்லூரில் இறங்கி நகரின் மறுபக்கம் போக வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்தால், முந்தின நாளே வருவதுதான் நிம்மதி.

மேட்டுப்பாளையத்தில் அந்த முக்கால் மணி நேரம்

அகலப் பாதை வண்டியிலிருந்து இறங்கியதும் மலை ரயிலின் நடைமேடை அதே வளாகத்தில் இருக்கிறது. ஓட வேண்டியதில்லை. ஆனால் மூன்று வேலைகளை இங்கேயே முடித்துவிட வேண்டும்.

முதலாவது கழிப்பறை. மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. குன்னூர் போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் வண்டி நிற்கும் நிலையங்களை நம்பித்தான் இருக்க வேண்டும். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருபவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். இரண்டாவது சிற்றுண்டி. நிலையத்திலும் எதிர்ப்புறக் கடைகளிலும் இட்லி, பொங்கல் கிடைக்கும். பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். மூன்றாவது தண்ணீர். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு வந்து இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பல இடங்களில் குடிநீர் ஏ.டி.எம். இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள்.

பெட்டி, பைகளைப் பொறுத்தவரை கறார் வேண்டும். இது மீட்டர் பாதையில் ஓடும் சின்னப் பெட்டி. இருக்கைக்கு மேலேயும் கீழேயும் இடம் மிகக் குறைவு. சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு மலையழகை ரசிப்பது கடினம். ஆளுக்கொரு தோள்பை போதும்.

நேரம் மீதமிருந்தால் நிலைய வளாகத்தில் மலை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட, கிளம்புவதற்கு முன் என்ஜினைச் சுற்றி ஒரு நடை போய் வருவது மேல். ‘எக்ஸ்’ வகை நீராவி என்ஜின்கள் இவை. முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. புதியவை சில திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே உருவாகியிருக்கின்றன. குனிந்து பார்த்தால் ஏறுவதற்கென்றே தனி சிலிண்டர்கள் இருப்பது தெரியும். சமதளத்தில் ஒரு ஜோடி, பற்சக்கரத்துக்கு இன்னொரு ஜோடி.

கல்லாறு முதல் குன்னூர் வரை

கல்லாற்றில் வண்டி நின்று தண்ணீர் பிடிக்கும். நீராவி என்ஜினுக்கு மலையேற்றத்தில் தாகம் அதிகம், வழியில் இன்னும் சில நிலையங்களிலும் இதற்காகவே நிற்கும். கிளம்பிய சிறிது தூரத்தில் ஒரு குலுக்கலும் அதைத் தொடர்ந்து சீரான கடகட ஓசையும் வரும். பற்சக்கரம் பட்டையைக் கவ்விவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேகம் மனிதன் வேகமாக ஓடும் அளவுக்குத்தான் இருக்கும். மொத்தப் பயணத்தின் சராசரியே மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்தான். இந்தியாவின் மிக மெதுவான ரயில் என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றிருப்பார். கையில் கொடி, எதிரே பிரேக் சக்கரம். முன்பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கடந்து பின்னால் இருக்கும் என்ஜின் ஓட்டுநரை எட்டும். தள்ளுகிற ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியாது, பார்க்கிறவருக்கு என்ஜின் கையில் இல்லை. நூற்றாண்டைக் கடந்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில் கால் பங்கு நேரத்தை இவர்கள் வேலையைக் கவனிக்க ஒதுக்கலாம்.

எந்தப் பக்க ஜன்னல் நல்லது என்ற கேள்வியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பாதை வளைந்து வளைந்து போவதால் பள்ளத்தாக்கு இரு பக்கமும் மாறி மாறி வரும். இருக்கை நடுவில் கிடைத்தால்கூட எதிரில் இருப்பவரிடம் பாதி வழியில் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இந்த வண்டியில் யாரும் மறுத்துப் பார்த்ததில்லை.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நிலையப் பெயர்கள் ஆங்கிலேயர் காலத்தவை. ஹில்குரோவில் பத்து நிமிட அளவுக்கு நிற்கும். டீ, வடை கிடைக்கும், கழிப்பறைக்கும் இதுவே சரியான இடம். குரங்குகளும் தயாராக இருக்கும். வடையைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்கள்தான் அவற்றின் முதல் குறி. வண்டி நிற்கும்போது தண்டவாளத்தில் இறங்கி நடப்பவர்களை ஊழியர்கள் விரட்டுவார்கள். விரட்டுவது சரிதான், இந்தப் பாதையில் யானைகளும் நடக்கின்றன.

குன்னூரை அடையும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். 326 மீட்டர் உயரத்தில் இருந்த மேட்டுப்பாளையத்திலிருந்து 1,700 மீட்டருக்கு வந்துவிட்டீர்கள். காற்றிலேயே அது தெரியும். பைக்குள் இருக்கும் ஸ்வெட்டரை மேலே எடுத்து வையுங்கள்.

குன்னூரிலேயே இறங்குவது பற்றி

உதகை வரை டிக்கெட் இருந்தாலும் இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். உதகையைவிடக் குன்னூரில் கூட்டம் குறைவு, குளிர் மிதமானது. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அருகருகே உள்ளன. 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா மேல் குன்னூரில், இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் காட்சிமுனைகளுக்கு டால்பின் நோஸ் பஸ் இருக்கிறது, நேரம் பார்த்து ஏறினால் டாக்ஸி செலவு மிச்சம். இரண்டு இரவுகள் தங்குபவர்கள் முதல் நாளைக் குன்னூருக்குக் கொடுத்துவிட்டு மாலையில் உதகைக்கு ஏறுவது நல்ல திட்டம். மாலையில் குன்னூரிலிருந்து உதகைக்கு ரயிலும் உண்டு. இந்த இரு ஊர்களுக்கு இடையே மட்டும் ஒரு நாளில் சில முறை ஓடும் வண்டிகள் இவை, இவற்றில் இடம் கிடைப்பது எளிது.

ரயிலிலேயே தொடர்ந்தால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, லவ்டேலில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி. கேத்திப் பள்ளத்தாக்குதான் இந்தப் பகுதியில் கண்ணுக்கு விருந்து. பாதையின் மிக உயரமான நிலையம் உதகை அல்ல, அதற்கு முந்தைய லவ்டேல். அங்கிருந்து வண்டி சற்று இறங்கித்தான் 2,203 மீட்டரில் உள்ள உதகமண்டலத்துக்குள் நுழைகிறது.

டிக்கெட் இல்லை, அல்லது ரயில் ரத்து

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பாதையில் மண்சரிவும் பாறை உருள்வதும் வழக்கம். அந்த மாதங்களில் ‘மலை ரயில் ரத்து’ என்ற செய்தி அடிக்கடி வரும். ரயில்வேயே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பிவிடும், ஆனால் பயணம் கெட்டுவிடக் கூடாது அல்லவா? மேட்டுப்பாளையம் பஸ் நிலையம் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. அங்கிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக உதகைக்கு அரசுப் பஸ்கள் அடிக்கடி போகின்றன. சுமார் 50 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், நிறைத்துக்கொண்டும் ஏறாதீர்கள். பர்லியாற்றில் பஸ் நின்றால் சீசனில் மங்குஸ்தான், பலா, துரியன் விற்பார்கள். துரியனைப் பஸ்ஸுக்குள் கொண்டு வந்து சக பயணிகளின் சாபத்தை வாங்காதீர்கள்.

மழை நின்று குன்னூர்–உதகை வண்டிகள் மட்டும் ஓடும் நாள்களும் உண்டு. அப்போது குன்னூர் வரை பஸ், அதன் பின் ரயில்.

ரயிலிலும் அரசுப் பஸ்ஸிலும் வருபவர்களுக்கு இன்னொரு சௌகரியம், இ-பாஸ் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் வெளி மாவட்ட வாகனங்கள் இ-பாஸ் பெற்றே நீலகிரிக்குள் நுழைய முடிகிறது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. சொந்தக் காரில் வருபவர்கள் சோதனைச் சாவடியில் நிற்கும்போது உங்கள் பஸ் போய்க்கொண்டிருக்கும்.

உதகை நிலையத்தில் இறங்கியதும்

மணி பன்னிரண்டு. நிலைய வாசலில் டாக்ஸி, ஆட்டோ ஓட்டுநர்கள் ‘ஒரு நாளில் எல்லா இடமும்’ என்று பட்டியலோடு வருவார்கள். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில், பசியோடும் பையோடும் நின்றுகொண்டு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டியலில் சாக்லேட் கடையும் தேயிலைத் தொழிற்சாலையும் பாதி நேரத்தைத் தின்னும்.

உதகையின் நல்ல அம்சமே ரயில் நிலையம் அமைந்த இடம்தான். ஐந்து நிமிட நடையில் மத்திய பஸ் நிலையம். அதை ஒட்டிக் குதிரைப் பந்தய மைதானம். மறுபக்கம் ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஏரியும் படகு இல்லமும். எதிர்த்திசையில் மார்க்கெட், கமர்ஷியல் சாலை, சேரிங்கிராஸ், அதற்கும் அப்பால் தாவரவியல் பூங்கா. நிலையத்திலிருந்து பூங்கா மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஊரின் முக்கியமான சுற்று இந்த ஒரே கோட்டில் அடங்கிவிடுகிறது. ஆகவே அறை எடுக்கும்போது ‘மலைக்காட்சி’ என்ற விளம்பரத்துக்கு மயங்கி ஊருக்கு வெளியே போகாமல், பஸ் நிலையத்துக்கும் சேரிங்கிராஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் பாருங்கள். வெளியே தங்கினால் ஒவ்வொரு முறை டீ குடிக்கவும் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். உதகையில் ஆட்டோவுக்குக் கட்டணம் பேசித்தான் ஏற வேண்டும். விடுதி வரவேற்பாளரிடம் உள்ளூர் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசுவது நல்லது.

நடப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2,200 மீட்டர் உயரத்தில் மேடேறும்போது சமவெளிக்காரர்களுக்கு மூச்சு வாங்கும். முதல் நாள் நிதானமாக நடங்கள்.

ஊருக்குள் ஒரு நாள்

முதல் பிற்பகலுக்கு ஏரி, மறுநாள் காலைக்குப் பூங்கா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தாவரவியல் பூங்காவைக் காலையில் திறந்ததும் உள்ளே போய்ப் பார்ப்பதும், பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பஸ்கள் வந்து நின்ற பிறகு பார்ப்பதும் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞரின் பொறுப்பில் உருவான பூங்கா இது. மே மாதத்தில் இங்கேதான் மலர்க் கண்காட்சி. பூத்த செடிகளைவிட மேல் பகுதியில் நிற்கும் முதிர்ந்த மரங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கூட்டம் கீழே புல்வெளியிலேயே நின்றுவிடுவதால் அங்கே அமைதி இருக்கும். பூங்காவுக்கு மேலே நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் குடியிருப்பு, அதாவது மந்து, ஒன்று உள்ளது. மக்கள் வாழும் இடம் அது, காட்சிப்பொருள் அல்ல. கேட்காமல் கேமராவை நீட்ட வேண்டாம்.

பூங்காவிலிருந்து சேரிங்கிராஸுக்கு இறக்கத்தில் நடந்தே வந்துவிடலாம். அருகில் 1830களின் புனித ஸ்டீபன் தேவாலயம். அதன் மரத்தூண்களுக்கான மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். 1995இல் அமைக்கப்பட்ட ரோஜா பூங்கா எல்க்ஹில் சரிவில் இருக்கிறது. பூக்கும் பருவம் இல்லாதபோது அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

மார்க்கெட்டை விட்டுவிடாதீர்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் மலைச்சரிவிலிருந்து நேராக வந்து குவிந்திருக்கும். பக்கத்துப் பேக்கரிகளில் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் சூடாகக் கிடைக்கும்போது வாங்கி டீயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஊருக்குக் கட்டி எடுத்துப் போகும் வர்க்கி வேறு சுவை.

உள்ளூர் கிராமங்களுக்கான பஸ்கள் பல மார்க்கெட்டை ஒட்டிய ஏ.டி.சி. நிறுத்தத்தில் நிற்கும். வெளியூர், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பஸ்களுக்கு மத்திய பஸ் நிலையம். கோடைச் சீசனில் முக்கிய இடங்களை இணைக்கும் சுற்றுப் பேருந்துகளை அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்கும். ஒரே டிக்கெட்டில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கலாம். அந்த நாள்களில் இதைவிட மலிவான வழி இல்லை.

ஊருக்கு வெளியே

தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டா, 2,637 மீட்டர், பத்து கிலோமீட்டர் தூரத்தில். கோத்தகிரி பஸ்ஸில் ஏறித் தொட்டபெட்டா பிரிவில் இறங்கினால் அங்கிருந்து மேலே சுமார் மூன்று கிலோமீட்டர் ஏற்றம். நடக்க முடிந்தவர்களுக்கு நல்ல நடை. முடியாதவர்கள் டாக்ஸி பிடிக்க வேண்டிய ஒரே இடம் என்று இதைத்தான் சொல்வேன். மேகம் மூடினால் பக்கத்தில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார், ஆகவே வானம் தெளிந்த காலையில் போங்கள். கூடலூர் பஸ்களில் ஏறினால் இருபது கிலோமீட்டர் சுமாரில் ஏரியும் அருவியும் உள்ள பைக்காரா. காடும் ஏரியுமான அவலாஞ்சி, வனத்துறை வாகனத்தில் மட்டுமே சுற்ற முடிகிற இடம், அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். அதிகாலைப் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்க விரும்புபவர்கள் அந்த மாதங்களில் வரலாம். குல்லாவும் கையுறையும் இல்லாமல் அதை ரசிக்க முடியாது.

திரும்பும் வழி

மலை ரயில் உதகையிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35 மணியளவில் மேட்டுப்பாளையம் சேரும். இறக்கம் என்பதால் நேரம் குறைவு. காலையில் ஏறி அதே நாளில் இறங்குபவர்களுக்கு உதகையில் இரண்டு மணி நேரம்தான் மிஞ்சும். அதில் சாப்பாடு மட்டுமே நடக்கும். ரயிலுக்காகவே வருபவர் தவிர மற்றவர்கள் அப்படித் திட்டமிட வேண்டாம். ஏறும்போது டிக்கெட் கிடைக்காதவர்கள் இறங்கும் வண்டியில் தேடிப் பாருங்கள். என்ஜின் புகைச்சலும் முயற்சியும் குறைவு என்பதைத் தவிர, பாதை அதேதான்.

ஏற்றத்தில் ரயிலில் வந்துவிட்டால் இறக்கத்துக்குப் பஸ் போதும். நீலகிரி எக்ஸ்பிரஸ் (12672) இரவு 9 மணிக்குச் சற்றுப் பின் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும். அதைப் பிடிக்க உதகையிலிருந்து மாலை 5 மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் 3 மணி. அந்த நாள்களில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் பாதையிலும் கீழே போகும் வண்டிகளைக் கோத்தகிரி பாதையிலும் போலீசார் திருப்பிவிடுவார்கள், நெரிசலில் நேரம் நீளும். பஸ் ஏறும் முன் எந்த வழி என்று நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மைசூரு போய் அங்கிருந்து ரயிலேற நினைப்பவர்களுக்கு மத்திய பஸ் நிலையத்திலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாகப் பஸ்கள் உண்டு. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுப் பாதையில் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், பிற்பகலுக்குள் கிளம்பிவிட வேண்டும்.